பிழைக்க வந்தவனும் நகரசபை நாற்காலியும்

1

2022 பிப்ரவரி 22, நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலின் ஓட்டு எண்ணிக்கை நாள். அன்று சாயங்காலம் ஆம்பூரில் நெடுஞ்சாலை ஓரத்து டீக்கடை ஒன்றில் நின்றுகொண்டிருந்தேன். ஊருக்குள்ளிருந்து பட்டாசுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஷூ கம்பெனிகள் விடுகிற நேரமும் அதுதான். பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பெனி வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றுப்பட்டுக் கிராமங்களுக்குப் போய்க்கொண்டிருந்தன. வண்டிக்காகக் காத்திருந்தவர்களில் எனக்குத் தெரிந்த ஒருவர் இருந்தார். பதினைந்து வருஷமாக ஷூவின் மேற்பகுதி தைக்கிறவர். 'உங்க வார்டுல யாரும்மா ஜெயிச்சாங்க?' என்று கேட்டேன்.

'எங்களுக்கு ஏதுண்ணா வார்டு? எங்க ஓட்டு பஞ்சாயத்துல கீது. இங்க வேலைக்கு வர்றோம், போறோம். அவ்ளோதான்.'

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் சாதாரணமாகத் தெரியவில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று நாம் பெருமையாகச் சொல்கிற இந்தத் தோல் நகரங்கள் எழும்பி நிற்பது யாருடைய கைகளின் மேல் என்பதைப் பற்றி நாம் நிறையவே எழுதியிருக்கிறோம். உழைப்பு, கூலி, உபரி, சாதி என்று பேசியிருக்கிறோம். ஆனால், உழைக்கிறவருக்கும் அவர் உழைக்கிற நகரத்துக்கும் உள்ள அரசியல் உறவு என்ன என்கிற கேள்வியை நாம் தனியாக எடுத்துப் பேசியதாக எனக்கு நினைவில்லை. பிழைக்க வந்தவர் எப்போது ஊர்க்காரர் ஆகிறார்? கூலியில் ஆகிறாரா, குடியிருப்பில் ஆகிறாரா, ஓட்டில் ஆகிறாரா?

இதைப் புரிந்துகொள்ள இரண்டு வரலாறுகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். ஒன்று, அயர்லாந்திலிருந்து போய் அமெரிக்க நகரம் ஒன்றின் மேயரான ஹ்யூ ஓ'பிரையனுடையது. மற்றொன்று, சென்னை வேப்பேரியிலிருந்து ரங்கூனுக்குப் போய் அங்கே நகராட்சி உறுப்பினரான பெ.மா. மதுரைப் பிள்ளையுடையது. பின்னதன் தொடர்ச்சியாக, அவருடைய பேத்தி மீனாம்பாள் சிவராஜ். எங்கேயோ இருக்கிற அயர்லாந்துக்காரனை எதற்கு இழுக்கிறாய் என்று தோழர்கள் கேட்கலாம். நம்மவர்களுக்கு எது கிடைக்கவில்லை என்பது, அது கிடைத்தவனைப் பார்க்கும்போதுதான் தெளிவாகத் தெரிகிறது.

2

வேலூர்க்காரர்களுக்கு அயர்லாந்துக்காரன் புதியவன் அல்ல. 1806 ஜூலை 10 அன்று கோட்டைக்குள் சிப்பாய்கள் எழுந்தபோது, ஆற்காட்டிலிருந்து குதிரைப் படையோடு வந்து அந்த எழுச்சியை ரத்தத்தில் மூழ்கடித்த கில்லெஸ்பி அயர்லாந்தின் டவுன் மாவட்டத்தில் பிறந்தவன்தான். புராட்டஸ்டன்ட் குடும்பத்துக்காரன். அதே தீவில் பெரும்பான்மையாக இருந்த கத்தோலிக்கர்களின் கதை வேறு. நிலம், பதவி, படிப்பு என்று எல்லாவற்றிலும் சட்டம் போட்டு ஒதுக்கப்பட்டவர்கள் அவர்கள். 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் செத்தார்கள். அதைவிட அதிகம் பேர் கப்பல் ஏறினார்கள். 1847 என்கிற ஒரே வருஷத்தில் மட்டும் பாஸ்டன் துறைமுகத்தில் இறங்கியவர்கள் சுமார் 37,000 பேர்.

இறங்கிய இடத்தில் வரவேற்பு ஒன்றும் இல்லை. பஞ்சத்துக்கு முன்பே, 1834இல், பாஸ்டனை ஒட்டிய சார்ல்ஸ்டவுனில் கத்தோலிக்கக் கன்னியர் மடத்தைக் கும்பல் கொளுத்தியிருந்தது. 1854இல் குடியேறியவர்களுக்கு எதிரான கட்சி மாசசூசெட்ஸ் மாநில ஆட்சியையே பிடித்தது. 1857இல் எழுதப் படிக்கத் தெரிந்தவனுக்குத்தான் ஓட்டு என்றும், 1859இல் குடியுரிமை பெற்றவன் மேலும் இரண்டு வருஷம் காத்திருந்துதான் ஓட்டுப் போடலாம் என்றும் விதி கொண்டுவந்தார்கள். குடிகாரன், அழுக்கன், போப்பின் அடிமை, ஜனநாயகத்துக்கு லாயக்கில்லாதவன் என்று அயர்லாந்துக்காரனைப் பற்றி உருவாக்கப்பட்ட சொல்லாடலைப் படிக்கிற நமக்கு அது எங்கேயோ கேட்ட குரலாகத்தான் இருக்கும். சேரியைப் பற்றி ஊர் பேசுகிற பேச்சு அது.

ஹ்யூ ஓ'பிரையன் 1827இல் அயர்லாந்தில் பிறந்தவர். பஞ்சத்துக்கு முன்பே, சின்னப் பையனாக, குடும்பத்தோடு பாஸ்டனுக்கு வந்துவிட்டார். 12 வயதில் பள்ளியை விட்டு அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு கப்பல் வரத்து, சரக்கு விலை பற்றிய வணிகப் பத்திரிகை ஒன்றைத் தானே நடத்தினார். 1870களில் நகரசபைக்குள் நுழைந்தார். 1884 டிசம்பரில் மேயர் தேர்தலில் ஜெயித்தார். பாஸ்டனின் முதல் அயர்லாந்துக் கத்தோலிக்க மேயர் அவர்தான். வருஷா வருஷம் தேர்தல் நடந்த அந்தப் பதவியில் தொடர்ந்து நான்கு முறை இருந்தார்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். ஓ'பிரையன் பஞ்சத்தில் வந்தவரல்ல, வந்து காலூன்றிய வணிகர். ஆனால் அவரை மேயராக்கிய ஓட்டுகள் பஞ்சத்தில் வந்து கூலிகளாக இருந்தவர்களுடையவை, அவர்களுடைய பிள்ளைகளுடையவை. நாற்காலியில் உட்கார்ந்தவர் ஒருவர் என்றால், அதைத் தூக்கி நிறுத்தியவர்கள் வேறு.

3

எப்படி முடிந்தது? எனக்குத் தெரிந்தவரை மூன்று காரணங்கள்.

முதலாவது, ஓட்டு. 1790இல் போடப்பட்ட அமெரிக்கக் குடியுரிமைச் சட்டம் 'சுதந்திரமான வெள்ளை மனிதனுக்கு' மட்டும் குடியுரிமை தரலாம் என்றது. கத்தோலிக்கன் என்று எவ்வளவு கேவலப்படுத்தினாலும் சட்டத்தின் கண்ணில் அயர்லாந்துக்காரன் வெள்ளைக்காரன். ஐந்து வருஷம் குடியிருந்தால் அவன் குடிமகன் ஆகலாம், ஓட்டுப் போடலாம். இது அவன் போராடிப் பெற்றதல்ல. இறங்கும்போதே சட்டம் அவன் கையில் கொடுத்தது.

இரண்டாவது, குடியிருப்பு. துறைமுகத்தில் வேலை பார்த்தவன் துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே நெருக்கடியான வாடகைக் கட்டிடங்களில் குடியிருந்தான். வேலை செய்கிற ஊரும் ஓட்டுப் போடுகிற ஊரும் ஒன்றாக இருந்தது. ஒரே தெருவில் ஒரே சனம் நெருங்கி வாழ்ந்ததால் வார்டு அவர்கள் கைக்கு வந்தது. தனிமைப்படுத்தப்பட்ட சேரியே அரசியல் தொகுதியாக மாறியது என்று சொல்லலாம்.

மூன்றாவது, நகரசபையிடம் கொடுப்பதற்கு ஏதாவது இருந்தது. போலீஸ் வேலை, தீயணைப்பு வேலை, சாலை, சாக்கடை, துறைமுகம் எல்லாமே நகர நிர்வாகத்தின் கையில். நியூயார்க்கின் டாம்மனி ஹால் இதைப் பெரிய இயந்திரமாகவே நடத்தியது. அயர்லாந்தில் பிறந்த ரிச்சர்ட் க்ரோக்கர் 1886 வாக்கில் அதன் தலைவரானார். வார்டுக்காரன் கப்பலில் வந்தவனுக்குக் குடியுரிமைத் தாள் வாங்கிக் கொடுப்பான், குளிர்காலத்தில் கரி கொடுப்பான், சாவு வீட்டுக்கு வருவான், தேர்தலன்று ஓட்டை வாங்கிக்கொள்வான். இதை ஊழல் என்று கனவான்கள் திட்டினார்கள். ஊழல்தான், சந்தேகமில்லை. ஆனால் கனவான்களின் ஊழல் நிலமாகவும் ரயில் பாதையாகவும் இருந்ததால் அது ஊழல் என்று பெயர் பெறவில்லை என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இந்த மூன்றாவதன் முக்கியத்துவம் எதிராளிக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. ஓ'பிரையன் மேயர் பதவியேற்ற அதே 1885இல் மாசசூசெட்ஸ் சட்டசபை பாஸ்டன் போலீஸை நகர நிர்வாகத்திடமிருந்து பிடுங்கி, மாநில ஆளுநர் நியமிக்கிற வாரியத்திடம் கொடுத்தது. விலக்கப்பட்டவன் நாற்காலிக்கு வந்ததும் நாற்காலியின் கால் ஒன்றை அறுத்துவிட்டார்கள்.

4

இனி நம் பக்கம். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் தென்னிந்தியாவில் செத்தவர்கள் 50 லட்சத்துக்கும் மேல். வட ஆற்காடு அதில் வெந்த மாவட்டங்களில் ஒன்று. நம் தோல் தொழிலின் வளர்ச்சிக்கும் அந்தப் பஞ்சத்துக்கும் தொடர்பு உண்டு. மாடுகள் மடிந்தன, தோல் மலிந்தது, கப்பல் ஏறியது. ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்திலிருந்து சென்னை பெரியமேட்டுக் கிடங்குகளுக்குப் போய், அங்கிருந்து லண்டனுக்குப் போனது. மனிதர்களும் கிளம்பினார்கள். வட ஆற்காட்டுச் சேரிகளிலிருந்து கோலார் தங்கவயலுக்குப் போனவர்கள், மலேயாவுக்கும் பர்மாவுக்கும் போனவர்கள் என்று இந்தப் பக்கத்தில் கதை இல்லாத குடும்பம் குறைவு. என் தாத்தா எங்கும் போகாமல் சுண்ணாம்புக் குழியில் நின்றவர். அவருடைய தம்பி தங்கவயலுக்குப் போனவர்.

பெரியமேட்டை ஒட்டியதுதான் வேப்பேரி. 1858இல் அங்கே பிறந்த மதுரைப் பிள்ளை ரங்கூனுக்குப் போனார். துறைமுகத்தில் கப்பல்களுக்கு வேண்டியதைத் தருவித்துக் கொடுக்கிற துபாஷித் தொழிலில் பெரும் பணக்காரரானார். அங்கே பள்ளிக்கூடம் நிறுவினார். ரங்கூன் நகராட்சி உறுப்பினராகவும் கௌரவ நீதிபதியாகவும் இருந்தார். ராய் பகதூர் பட்டம் பெற்றார். புலவர்கள் அவர்மேல் பாடிய பாடல்கள் தொகுதியாகவே அச்சாயின. ஒரு தலித் வள்ளலைப் பிற சாதிப் புலவர்களும் புகழ்ந்து பாடிய அந்தக் காலத்தை நம் இலக்கிய வரலாறு சௌகரியமாக மறந்துவிட்டது என்பது தனிக் கட்டுரைக்குரிய விஷயம். 1913இல் மதுரைப் பிள்ளை இறந்தார்.

ஓ'பிரையனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இருவரும் துறைமுகத்தை வைத்து மேலே வந்தவர்கள். இருவரும் தாய்நாட்டில் கிடைக்காத மரியாதையைக் கடல் தாண்டிப் பெற்றவர்கள். தன் ஊரில் எந்தத் தெருவில் நடப்பது என்பதுகூடப் பிரச்சினையாக இருந்த சாதியில் பிறந்த ஒருவர், இன்னொரு ஊரில் நீதிபதி இருக்கையில் உட்கார்கிறார் என்றால் அது சின்ன விஷயமல்ல. சாதி கடலைக் கடக்கும்போது கொஞ்சமாவது இளகிப்போகிறது என்பதற்குச் சான்று அது.

ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. மதுரைப் பிள்ளைக்குக் கீழே ரங்கூனில் ஆயிரக்கணக்கான தமிழ், தெலுங்குக் கூலிகள் இருந்தார்கள். மூட்டை தூக்கினார்கள், ஆலைகளில் நெல் அரைத்தார்கள், தெருக் கூட்டினார்கள், ரிக்ஷா இழுத்தார்கள். அவர்களுக்கு ஓட்டு இல்லை. காலனிய நகரசபை என்பது சொத்தும் வரியும் உள்ளவர்களின் சபை. ஆகவே அவருடைய நாற்காலி செல்வத்தின் மீதும் அரசாங்கத்தின் அங்கீகாரத்தின் மீதும் நின்றது, கூலிகளின் ஓட்டின் மீது நிற்கவில்லை. பாஸ்டனில் தொழிலாளியின் ஓட்டு வணிகரை மேலே அனுப்பியது. ரங்கூனில் வணிகர் தனியாகத்தான் மேலே போனார். அவர் செய்ததெல்லாம் கொடை. கொடைக்கும் உரிமைக்கும் உள்ள தூரம்தான் இரண்டு துறைமுகங்களுக்கும் உள்ள தூரம். இதை அவருடைய குறையாக நான் சொல்லவில்லை. அவருக்கு வாய்த்த நகரம் அப்படி.

1904இல் ரங்கூனில் பிறந்த மீனாம்பாள் இந்தக் குடும்பத்தின் அடுத்த கட்டம். தந்தை வாசுதேவப் பிள்ளை சென்னை மாநகராட்சியில் உறுப்பினராக இருந்தவர். என். சிவராஜை மணந்து சென்னை அரசியலுக்கு வந்தார் மீனாம்பாள். தாத்தா போன கப்பலின் எதிர்த் திசையில் பேத்தி வந்தார் என்று வைத்துக்கொள்ளலாம். 1938இல் சென்னையில் நடந்த பெண்கள் மாநாட்டில், ஈ.வெ.ரா.வைப் 'பெரியார்' என்று அழைக்க வேண்டும் என்று முடிவெடுத்தவர்களில் முன்னின்றவர். அம்பேத்கரின் தாழ்த்தப்பட்டோர் கூட்டமைப்பில் தென்னிந்தியத் தலைவர்களில் ஒருவர். 1945இல் பம்பாயில் நடந்த அதன் பெண்கள் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். சென்னை மாநகராட்சியிலும் கௌரவ நீதிபதியாகவும் பணி செய்தவர். வெளியூரில் பிறந்து வந்த ஒரு தலித் பெண் அந்தக் காலத்தில் நகர அரசியலில் நின்ற இடம் அது.

இங்கே தாத்தாவுக்கும் பேத்திக்கும் நடுவில் நடந்ததுதான் முக்கியம். தாத்தாவின் பின்னால் பணம் இருந்தது. பேத்தியின் பின்னால் இயக்கம் இருந்தது. கொடையாக இருந்தது கோரிக்கையாக மாறியது.

5

சரி, நாற்காலி கிடைத்தது. நாற்காலியில் என்ன இருந்தது? சென்னையில் மேயர் என்கிற பதவிப் பெயர் 1933இல்தான் வந்தது. 1937இல் ஜெ. சிவசண்முகம் பிள்ளை முதல் தலித் மேயரானார். 1945இல் சிவராஜ் மேயரானார். பாஸ்டனில் ஓ'பிரையன் மேயராகி 52 வருஷம் கழித்துத்தான் இங்கே முதல் தலித் மேயர் என்றாலும், இது ஒரு சாதனையே. ஆனால், 1919ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சிச் சட்டம் நிர்வாக அதிகாரத்தை ஆணையரிடம் கொடுத்திருந்தது. ஆணையரை நியமிப்பது அரசாங்கம். மேயருக்கு அங்கியும் சங்கிலியும் கூட்டத்துக்குத் தலைமை தாங்குகிற வேலையும். போலீஸ் அவர் கையில் இல்லை. பாஸ்டனில் அயர்லாந்துக்காரன் வந்த பிறகு நாற்காலியின் காலை அறுத்தார்கள். இங்கே நாற்காலியைச் செய்யும்போதே கால் வைக்காமல் செய்திருந்தார்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு எல்லோருக்கும் ஓட்டு வந்தது. 1992இல் நிறைவேறிய 73, 74ஆவது அரசியல் சட்டத் திருத்தங்கள் உள்ளாட்சியில் தலித்துகளுக்கும் பெண்களுக்கும் இடங்களை ஒதுக்கின. உடனே என்ன நடந்தது என்பது நமக்குத் தெரியும். 1997 ஜூன் 30 அன்று மேலவளவு பஞ்சாயத்துத் தலைவர் முருகேசன் வெட்டிக் கொல்லப்பட்டார். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 2006 வரை தேர்தல் நடத்தவே விடவில்லை. இதற்கு நடுவேதான் 2022 மார்ச்சில் ஆர். பிரியா சென்னையின் முதல் தலித் பெண் மேயரானதையும் வைத்துப் பார்க்க வேண்டும். நாற்காலியை யாருக்கும் சும்மா விட்டுக் கொடுப்பதில்லை என்பதற்கு இந்த வருஷங்களே சாட்சி.

6

இதுவரை படித்துவிட்டு, அயர்லாந்துக்காரன் மாதிரி நாமும் வார்டு வார்டாகப் பிடித்தால் போதும் என்று யாராவது முடிவுக்கு வந்தால், கதையின் இன்னொரு பக்கத்தை நான் சொல்லவில்லை என்று அர்த்தம்.

1863 ஜூலையில் நியூயார்க்கில் கட்டாய ராணுவச் சேர்ப்புக்கு எதிராகக் கலவரம் வெடித்தது. கலவரக்காரர்களில் பெரும்பகுதியினர் அயர்லாந்துத் தொழிலாளர்கள். பணக்காரன் 300 டாலர் கட்டிவிட்டுத் தப்பிக்கலாம், ஏழை சாக வேண்டும் என்ற சட்டத்தின்மேல் அவர்களுக்கு இருந்த கோபம் நியாயமானது. அந்தக் கோபம் போய் விழுந்தது கறுப்பர்கள்மேல். கறுப்புக் குழந்தைகளின் அனாதை இல்லத்தைக் கொளுத்தினார்கள். கறுப்பர்களை விளக்குக் கம்பங்களில் தூக்கிலிட்டார்கள். வெள்ளைத் தொழிலாளிக்குக் காசாகக் கிடைக்காத கூலியின் ஒரு பகுதி, 'நான் கறுப்பனில்லை' என்கிற மரியாதையாகக் கிடைத்தது என்று 1935இல் டு பாய்ஸ் விளக்கினார். ஒடுக்கப்பட்டு வந்த அயர்லாந்துக்காரன் அமெரிக்காவில் எப்படி 'வெள்ளைக்காரன் ஆனான்' என்பதை நோயல் இக்னாட்டீவ் 1995இல் ஒரு புத்தகமாகவே எழுதினார். அடிமை ஒழிப்புக்காக அமெரிக்கர்களைப் பாராட்டித் தன் 'குலாம்கிரி'யை 1873இல் அவர்களுக்குச் சமர்ப்பித்தார் ஜோதிராவ் புலே. அவருக்குப் புரிந்த ஒற்றுமை நியூயார்க் தெருவில் இருந்தவனுக்குப் புரியவில்லை.

சென்னையிலும் 1921 இருக்கிறது. பக்கிங்காம் கர்னாடிக் ஆலை வேலைநிறுத்தம் சாதி இந்துக்களுக்கும் ஆதிதிராவிடர்களுக்கும் நடுவேயான மோதலாக மாறி, புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. வர்க்கம் என்று நாம் சொல்கிற சுவரில் விரிசல் எங்கே விழும் என்பதை இரண்டு நகரங்களும் காட்டியிருக்கின்றன. அங்கே நிறத்தில் விழுந்தது. இங்கே சாதியில் விழுந்தது.

ஆக, நாற்காலியைப் பிடிப்பது பாதிக் கதைதான். யார் தலைமேல் கால் வைத்துப் பிடிக்கிறோம் என்பது மீதி.

7

மறுபடியும் ஆம்பூருக்கு வருகிறேன். அயர்லாந்துக்காரனுக்கு வாய்த்த மூன்றில் நம் ஷூ கம்பெனிப் பெண்ணுக்கு எது இருக்கிறது? ஓட்டு இருக்கிறது, ஆனால் வேலை செய்கிற ஊரில் இல்லை. கம்பெனி வண்டி என்பதை வசதி என்றே நினைத்திருந்தேன். காலையில் அள்ளிக்கொண்டு வந்து சாயங்காலம் கொண்டுபோய்க் கொட்டுகிற அந்த வண்டி, உழைப்பை நகரத்துக்குள்ளும் உழைக்கிறவரை நகரத்துக்கு வெளியிலும் வைக்கிறது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. தொழில் வரியும் சொத்து வரியும் நகராட்சிக்கு. கழிவு மட்டும் கிராமத்துக்கு. பாலாற்றில் இறங்கிய டேனரித் தண்ணீர் வார்டு எல்லை பார்த்து நிற்கவில்லை. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்றது. 2025 ஜனவரி 30 அன்று அதே நீதிமன்றம் அதே மாசைப் பற்றி மறுபடியும் தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. இடையில் 28 வருஷம். கிணற்றடியில் இருப்பவருக்கு நகரசபையில் குரல் இல்லையென்றால் தீர்ப்பு தாளோடு நிற்கும்.

இதைவிடக் கீழே இன்னொருவர் இருக்கிறார். 2015 ஜனவரி 31, விடிவதற்கு முன். ராணிப்பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுச் சேற்றுத் தொட்டியின் சுவர் உடைந்தது. பக்கத்து டேனரிக்குள் தூங்கிக்கொண்டிருந்தவர்கள்மேல் சேறு பாய்ந்தது. 10 பேர் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். இன்றைக்கு நம் ஊரின் அயர்லாந்துக்காரன் அவன்தான். 'ஹிந்திக்காரன்' என்று நாம் பொத்தாம்பொதுவாகக் கூப்பிடுகிற, மொழி தெரியாத, கம்பெனிக்குள்ளேயே தூங்குகிறவன். சாதாரணமாக எங்கே குடியிருக்கிறாரோ அங்கே ஓட்டுப் பதியலாம் என்றுதான் சட்டம் சொல்கிறது. முகவரிக்குச் சீட்டுக் கொடுக்க எந்த வீட்டுக்காரரும் தயாராக இல்லை. 'அவனுங்க வந்துதான் கூலி கொறஞ்சிபோச்சி' என்று நம் ஆட்களே சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். 1863க்கு முன்பு நியூயார்க்கில் கறுப்பர்களைப் பற்றி அயர்லாந்துக்காரன் சொன்னதும் இதுதான்.

சங்கத் தோழர்களிடம் நான் கேட்பது இரண்டு. கம்பெனி வண்டி போகிற கிராமங்களின் தண்ணீரையும் சுகாதாரத்தையும் நகராட்சியின் பொறுப்பாக முன்வைத்துப் போராட வேண்டும். வரி இங்கே, கழிவு அங்கே என்கிற கணக்கை உடைக்க வேண்டும். அடுத்து, வங்காளத்திலிருந்து வந்தவர்களைச் சங்கத்தில் சேர்க்க வேண்டும். அவர்கள் பெயரை இங்கேயே வாக்காளர் பட்டியலில் பதிய நாம் கூட நிற்க வேண்டும். நமக்குக் கீழே ஒருவரை வைத்துக்கொண்டு நாம் நகரத்தைப் பிடிக்க வேண்டியதில்லை.

போன மாதம் அந்தப் பெண்ணை மறுபடியும் பார்த்தேன். அவர்கள் ஊரிலேயே இப்போது வங்காளப் பையன்கள் ஆறேழு பேர் ஒரு வீட்டில் தங்கியிருக்கிறார்களாம். 'அவங்க ஓட்டு எங்கண்ணா கீது?' என்று கேட்டார். வங்காளத்தில் என்றேன்.

'அப்போ எங்களவிடத் தூரம்' என்றார்.